1984 பத்மினி, மின்சார மோட்டார்: ஏற்றத்தில் பவர் வெட்டுகிறது

அப்பா ஓட்டிய பத்மினி கார். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு 15 கிலோவாட் மோட்டார் போட்டு நான்கு மாதம் ஆகிறது. பழைய கிளட்ச், ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் கியர் லீவர் அப்படியே இருக்கின்றன. பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, 24 செல், 200 ஆம்பியர் ஹவர்.

கோவை நகருக்குள் அருமையாக ஓடுகிறது. மருதமலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முக்கால்வாசி மிதித்தால் மட்டும் சட்டென்று பவர் நின்று, இரண்டு மூன்று வினாடி கழித்துத் தானாகத் திரும்புகிறது. பின்னால் பஸ் வரும்போது இப்படி ஆனால் உயிரே போய்விடுகிறது, அம்மாவை ஏற்றிக்கொண்டு போகவே பயமாக இருக்கிறது.

பெடல் சென்சார் மாற்றினேன், செல்களை இணைக்கும் பஸ்பார் பட்டைகளின் நட்டுகளை இறுக்கினேன், கேபிளையும் தடிமனாக்கிப் பார்த்துவிட்டேன். லோடில் மொத்த வோல்டேஜ் 79-லிருந்து 74-க்குத்தான் இறங்குகிறது, எந்த செல்லும் 3 வோல்டுக்குக் கீழே போகவில்லை. பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ்ஸில் எரர் இல்லை, வெட்டும்போது டிஸ்ப்ளேவும் அணைவதில்லை. மோட்டாருக்குப் போகும் பவரைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரின் சூடு 52 டிகிரி. அப்புறம் ஒன்று: மோட்டாரின் என்கோடர் (சுழற்சியை அளந்து கண்ட்ரோலருக்குச் சொல்லும் சென்சார்) ஒயர் பவர் கேபிளோடு ஒட்டியே ஒரு மீட்டர் தூரம் வருகிறது, கேபிளின் மின் இரைச்சல் அதில் கலக்கிறதோ என்று சந்தேகம், அதை இன்னும் தொடவில்லை.

இதே மாதிரி மாற்றியவர்கள் சொல்லுங்கள், அந்த ஒயரைப் பிரித்து ஷீல்டு போட்டால் இந்த வெட்டு நிற்குமா?