மூட்டுத் திரவத்தில் பிடி-1 மிகுந்த டி செல்கள்: சிஎக்ஸ்சிஆர்5 ஏன் தெரியவில்லை?

கேள்வி:
நோயாளிக்கு முடக்குவாதம்; அந்நோயில் காணும் ஆன்டிபாடிகளான ஆர்எஃப், ஆன்டி-சிசிபி இரண்டும் பாசிட்டிவ். முழங்கால் திரவத்தை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (சாய ஆன்டிபாடி ஒட்டிய செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் முறை) ஓட்டினால் சிடி4 (உதவி டி) செல்களில் ஒரு பெரிய கூட்டம், தூண்டப்பட்ட அல்லது களைத்த டி செல்லில் ஏறும் பிடி-1 என்ற மேற்பரப்புப் புரதத்தில் உச்சத்துக்கு ஏறுகிறது. டிஎஃப்எச் (நிணநீர்க் கணுவில் பி செல்லுக்கு உதவும் டி செல்) என்று நினைத்தால், அதில் இருக்கவேண்டிய சிஎக்ஸ்சிஆர்5 சுத்தமாக இல்லை. சாய ஆன்டிபாடி ஒட்டவில்லையா, இல்லை இவை களைத்துப்போன செல்களா?

பதில் 1:
இரண்டுமே இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 2017-இல் நேச்சர் இதழில் விவரிக்கப்பட்ட டிபிஎச் செல்கள் (நிணநீர்க் கணுவுக்கு வெளியே பி செல்லுக்கு உதவும் டி செல்கள்) இப்படித்தான் தெரியும். சிஎக்ஸ்சிஆர்5 என்பது நிணநீர்க் கணுவின் ஃபாலிக்கிளுக்குள் (பி செல்கள் கூடும் பகுதி) போக வழிகாட்டும் ஏற்பி. டிபிஎச்சுக்கு அது இல்லை. அழற்சி உள்ள திசுவுக்கு இழுக்கும் சிசிஆர்2 போன்றவை உண்டு. டிஎஃப்எச் பி செல் இருக்கும் இடத்துக்குப் போகும். இதுவோ சிஎக்ஸ்சிஎல்13 சுரந்து பி செல்லை மூட்டுக்கே வரவழைத்து, ஐஎல்-21 என்ற சமிக்ஞைப் புரதம் கொடுத்து, ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்லாக மாற்றுகிறது. இவ்வளவு வேலை செய்யும் செல்லைக் களைத்தது என்று எப்படிச் சொல்வது? பிடி-1 மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆர்எஃப், ஆன்டி-சிசிபி இரண்டும் நெகட்டிவான நோயாளிகளில் இந்தக் கூட்டம் பெருகுவதில்லை என்பதும் உங்கள் சாம்பிளோடு ஒத்துப்போகிறது.

பதில் 2:
உயிரியல் சரி, ஆனால் "இல்லை" என்று எழுதும் முன் சாயத்தைச் சோதியுங்கள். அதே நோயாளியின் ரத்தத்தை அதே காக்டெயிலில் (சாய ஆன்டிபாடிக் கலவை) ஓட்டுங்கள். சிடி19 பாசிட்டிவ் பி செல்களில் சிஎக்ஸ்சிஆர்5 பளிச்சென்று வரவேண்டும். வராவிட்டால் தவறு ஆன்டிபாடியில். சிஎக்ஸ்சிஆர்5 போன்ற கீமோகைன் ஏற்பிகளை ஐஸில் சாயமேற்றினால் சிக்னல் மங்கும். 37 டிகிரியில் 15-20 நிமிடம் சிஎக்ஸ்சிஆர்5-ஐ முதலில் போட்டு, மற்றவற்றைப் பிறகு சேருங்கள். திரவம் கொழகொழவென்று இருந்தால் ஹயலுரோனிடேஸ் போதும். கொலாஜினேஸ் மூட்டுச் சவ்வுத் திசுவுக்குத்தான் வேண்டும், அதுவும் சில மேற்பரப்புப் புரதங்களை வெட்டிவிடும். திசு எடுக்கும்போது ரத்தச் செல்களையும் அதே என்சைமில் வைத்து ஒப்பிடுங்கள். கேட்டிங் (வேண்டிய செல்களை மட்டும் படிப்படியாகத் தேர்ந்தெடுப்பது): இறந்த செல்களை நீக்கி, சிடி3, சிடி4, சிடி45ஆர்ஏ நெகட்டிவ் (நினைவுச் செல்கள்), பிறகுதான் பிடி-1. கோடு போட எஃப்எம்ஓ கன்ட்ரோல் (ஒரு சாயத்தை மட்டும் விட்டுவிட்ட குழாய்) கட்டாயம். பிடி-1 இடைநிலைச் செல்களைச் சேர்த்துவிட்டால் கூட்டம் பெரிதாகும், அர்த்தம் போய்விடும்.

கேட்டவர்:
ஐஎல்-21 பார்க்க, செல்லைத் தூண்டும் பிஎம்ஏ, அயனோமைசின் போட்டால் சிடி4 காணாமல் போகிறதே?

பதில் 2:
பிஎம்ஏ சிடி4-ஐ செல்லுக்குள்ளே இழுத்துவிடும், வழக்கமான தொல்லை. சிடி3 பாசிட்டிவ், சிடி8 நெகட்டிவ் என்று கேட் செய்யலாம். ஆனால் தூண்டினால் பிடி-1 அளவும் மாறலாம். ஆகவே முதலில் பிடி-1 உச்சம், இடைநிலை, நெகட்டிவ் என்று மூன்றாகச் சார்ட் செய்து (கருவியில் பிரித்தெடுத்து), பிறகு 4-5 மணி நேரம் பிரெஃபெல்டினோடு (சுரப்பைச் செல்லுக்குள்ளேயே நிறுத்தும் மருந்து) தூண்டுவதே மேல். சிஎக்ஸ்சிஎல்13-க்கு பிஎம்ஏ வேண்டாம்; சார்ட் செய்த செல்களை ஆன்டி-சிடி3/சிடி28 மணிகளோடு வளர்த்து, மேல்திரவத்தை எலிசாவில் (ஆன்டிபாடியால் புரதத்தை அளக்கும் சோதனை) அளவிடுங்கள். அந்தக் குழாயில் பிரெஃபெல்டின் சேர்த்துவிடாதீர்கள், சுரப்பே வெளியே வராது.