எம்டி–பிஎச்டி நேர்காணலில் உங்களைக் கேட்ட, இன்னும் மறக்க முடியாத கேள்வி எது?

ராயபுரம் டாக்டர்

எம்டியும் பிஎச்டியும் சேர்ந்த சீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எனக்குப் போன மாதம் நேர்காணல் நடந்தது. சென்னையில்தான், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். நீட் பிஜி மார்க், ஸ்டேட்மெண்ட், பரிந்துரைக் கடிதம் எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி.

எம்பிபிஎஸ் இரண்டாம் வருடத்தில் ஐசிஎம்ஆர் எஸ்டிஎஸ் செய்திருந்தேன், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாணவர்களுக்குத் தருகிற குறுகிய கால ஆராய்ச்சி வாய்ப்பு அது. காசநோய்க்கு மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆனதும் சளியில் கிருமி போய்விட்டதா என்று பார்க்கிற சின்ன ஆய்வு. பேனலில் எல்லோரும் எதிர்பார்த்ததையே கேட்டார்கள். கிருமியைக் காட்டும் ஜீல்–நீல்சன் சாயத்தில் ஆசிட் எதற்கு, சாம்பிள் சைஸ் எப்படிப் போட்டாய், கன்ட்ரோல் ஏன் இல்லை. ஓரத்தில் இருந்த ஒரு மேடம் மட்டும் வாயே திறக்கவில்லை, என் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அட்டவணையின் கீழ்வரியில் பேனாவை வைத்து, "சிகிச்சையை இடையில் விட்டவர்கள் என்று போட்டிருக்கிறாய். இவர்களில் யாரிடமாவது பேசினாயா?" என்றார்.

பேசியிருந்தேன். காசிமேட்டுக்காரர் ஒருவர், விசைப்படகில் போகிறவர். மாத்திரை தொடங்கிய அன்றே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போயிருக்கிறது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் போட்டால் அப்படித்தான் போகும், நமக்குத் தெரியும். அவருக்கு யாரும் சொல்லவில்லை. ரத்தம் போகிறது என்று நினைத்து அத்தனை மாத்திரையையும் கடலில் கொட்டிவிட்டார். இருமல் அதிகமாகித் திரும்பி வந்தபோது, ஓபி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டிருப்பேனே பாப்பா" என்றார். இதை அப்படியே சொன்னேன்.

மேடம் கேட்டார்: "இது ஏன் ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லை?"

நான் பதில் சொல்வதற்குள் தலைவர், "சரி டாக்டர், நீங்கள் போகலாம், அடுத்தவரை வரச் சொல்லுங்கள்" என்றுவிட்டார். எஸ்டிஎஸ் படிவத்தில் இதற்கெல்லாம் இடமே கிடையாது என்பது செய்தவர்களுக்குத் தெரியும். அந்த மேடம் என்னைக் குறை சொன்னாரா, இல்லை இதுதான் உன் பிஎச்டி என்று கைகாட்டினாரா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அண்ணாநகர் பயோடெக்

அக்கா, கைகாட்டினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என்னுடையது அமெரிக்கக் கதை. இங்கே பிடெக், அங்கே மாஸ்டர்ஸ், அப்புறம் எம்டி–பிஎச்டிக்கு விண்ணப்பம். அங்கே எம்டிதான் முதல் மருத்துவப் பட்டம். மற்றவர்களைவிட இரண்டு கட்டுரை கூடுதலாக எழுத வேண்டும். ஏன் இரண்டு பட்டமும் என்பதற்கு 3,000 எழுத்து, செய்த ஆராய்ச்சியைப் பற்றி 10,000. எம்கேட் நுழைவுத் தேர்வு 528க்கு. இதெல்லாம் உழைத்தால் ஆகிற காரியம். உழைத்தாலும் நகராதது பாஸ்போர்ட். இந்தப் படிப்புக்கு அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் 1964 முதல் பணம் தருகிறது, எம்எஸ்டிபி என்பார்கள். கல்விக் கட்டணமும் உதவித்தொகையும் சேர்த்துக் கிடைக்கும். ஆனால் அந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும்தான். நம்மை எடுப்பதென்றால் கல்லூரி தன் கையிலிருந்து போட வேண்டும். அப்படி எடுக்கும் இடங்கள் குறைவு.

ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். நேர்காணல் நன்றாகவே போனது. முதல் நாள் ராத்திரி அங்கே படிக்கிற மாணவர்களோடு சாப்பாடு. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் ஆறாம் வருடம். முதலில் இரண்டு வருடம் மருத்துவம், பிறகு நான்கு வருடம் லேப், அடுத்த வாரம் திரும்ப வார்டுக்குப் போகிறார். அவரோடு சேர்ந்து எம்டி மட்டும் படித்தவர்கள் எல்லாம் ரெசிடென்ட் டாக்டர் ஆகிவிட்டார்கள். ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டு, தன் இரண்டு விரலால் இன்னொரு கையின் முதுகைத் தட்டிக் காட்டினார், நெஞ்சில் தட்டிப் பார்ப்போமே அது மாதிரி. "போன வாரம் கண்ணாடி முன்னால் நின்று இதைப் பழகிக்கொண்டிருந்தேன்" என்றார். குரலில் வருத்தம் இல்லை. சீக்கிரம் கைக்கு வந்துவிட வேண்டுமே என்கிற அவசரம் மட்டும் இருந்தது. நிஜமாக இந்தப் படிப்பு என்றால் என்ன என்று எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. இணையதளத்தில் எட்டு வருடம் என்று போட்டிருப்பார்கள், அதற்குள் இப்படி ஒரு வாரம் இருக்கும் என்று போட மாட்டார்கள்.

இடம் கிடைக்கவில்லை. காரணம் கேட்டதற்கு நிதி என்று ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தது. இப்போது தனி பிஎச்டி.

எம்டிக்குப் பிறகு பிஎச்டி

தம்பி, வெளிநாட்டு எம்டி–பிஎச்டி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எம்பிபிஎஸ் முடித்தவர்களுக்கு அதில் வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியக் கல்லூரியில் படித்த பாடங்களை, அமெரிக்கக் கல்லூரி ஏதாவது தன் கணக்கில் ஏற்றுக்கொண்டால் தவிர, அவர்களுடைய விண்ணப்பச் சேவை சரிபார்ப்பதே இல்லை. எம்பிபிஎஸ் படித்தவர்கள் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இ எழுதி, ரெசிடென்சி என்கிற மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய், அங்கிருந்து ஆராய்ச்சிக்குத் திரும்புவதுதான் நடைமுறை.

என் அனுபவம் இரண்டே வரி. பொதுமருத்துவம் எம்டி முடித்து, வேலை பார்த்துக்கொண்டே பிஎச்டி சேரப் போனேன். பேனலில் ஒருவர், "உங்கள் ஓபியில் தினமும் பார்க்கிறீர்கள், ஆனால் எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை, அப்படி ஒன்று சொல்லுங்கள்" என்றார். நான் சொன்ன பதில்தான் பிறகு என் தீசிஸ் ஆனது.

இனி ராயபுரம் டாக்டருக்கு. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அந்த மேடத்தின் கேள்வி நியாயமானது. சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியபோது அதன் முதல் கேள்வியே வார்டிலிருந்து வந்ததுதான். நோயாளிகள் ஏராளம், அவர்களைத் தங்கவைத்துப் பார்க்கிற சானடோரியத்தில் படுக்கை இல்லை. வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? ஐசோனியசிட், பிஏஎஸ் என்ற இரண்டு மருந்துகளை ஒரு வருடம் கொடுத்து, பாதிப் பேரை வீட்டிலும் பாதிப் பேரை சானடோரியத்திலும் வைத்துப் பார்த்தார்கள். வீட்டு வைத்தியம் கிட்டத்தட்ட அதே பலனைக் கொடுத்தது, நோயாளியோடு வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுக்க சானடோரியங்களின் தேவையைக் குறைத்தது. அந்த ஆய்வில் மாத்திரை உண்மையிலேயே வயிற்றுக்குள் போகிறதா என்று தெரிந்துகொள்ள, சொல்லாமல் வீட்டுக்குப் போய் சிறுநீர் வாங்கிப் பரிசோதித்தார்கள். நீங்கள் பெஞ்சில் கேட்ட விஷயமும் அந்த வகைதான்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பேப்பர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அவரிடம் முடித்த மாணவர்கள் இப்போது எங்கே என்று பாருங்கள், முடிந்தால் முடிக்காமல் விட்டவர் ஒருவரிடம் பேசுங்கள். எம்டி தீசிஸும் பிஎச்டி கேள்வியும் ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி தலைப்பு வையுங்கள். இல்லையென்றால் இரண்டு எதிக்ஸ் கமிட்டி, இரண்டு புள்ளியியலாளர், இரண்டு மடங்கு காத்திருப்பு. மருந்து சம்பந்தப்பட்ட ஆய்வு என்றால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு செய்துவிடுங்கள், 2009 ஜூன் முதல் அது கட்டாயம். பின்தேதியிட்டுப் பதிவு செய்யலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அரசு ஒதுக்கீட்டில் படித்தவர் என்றால் பாண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். இரண்டும் சேர்ந்த படிப்பு கிடைக்காவிட்டாலும் நஷ்டம் இல்லை. முதலில் எம்டி, அப்புறம் பிஎச்டி. கை பழகிய டாக்டர் கேட்கிற கேள்வி வேறு தரத்தில் இருக்கும்.

தரமணி ஸ்காலர்

சார், உங்கள் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. கேள்வி கேட்கிற தகுதி ஓபி பார்த்தவர்களுக்கு மட்டும்தான் என்றால், எங்களைப் போல எம்எஸ்சி முடித்து, ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேர்வு எழுதி வந்தவர்கள் யார்? 2023 ஜனவரி முதல் உயர்த்திய பிறகும் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. அதுவும் மாதாமாதம் வருவதில்லை, சேர்த்து வைத்து வரும். டாக்டர்கள் தீசிஸுக்காக லேபுக்கு வரும்போது டிஎன்ஏவைப் பெருக்குகிற பிசிஆர் போட, அதைப் பிரித்துப் பார்க்க ஜெல் ஓட்ட, ஜெல்லில் பேண்ட், அதாவது கோடு, வராவிட்டால் ஏன் என்று பார்க்க நாங்கள்தான் நிற்கிறோம். இதைக் கோபத்தில் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

என்னை விடாத விஷயம் இது. எங்கள் லேபில் எம்டி–பிஎச்டிக்காக ஒரு டாக்டர் சேர்ந்தார். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் இருந்த ரத்த மாதிரிகளை ரொம்ப நாளாகக் கையாண்டுகொண்டிருந்தது நான். பி17 என்று ஒரு மாதிரி. எல்லாவற்றிலும் நன்றாகச் சிக்னல் கொடுப்பது அதுதான், எந்தச் சோதனை என்றாலும் முதலில் அதை எடுத்துத்தான் ஓட்டுவேன். ஒரு சாயங்காலம் அவர் டியூட்டி முடித்து நேரே வந்தார். நான் பி17ஐ ஐஸில் வைத்துக்கொண்டிருந்தேன். குழாயைப் பார்த்தவர், "இந்தம்மா காலையில் இறந்துட்டாங்க" என்றார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். அது ஒரு அம்மா என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

டாக்டர் வந்ததால்தான் தெரிந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மாதிரியைக் கெடாமல் காப்பாற்றியது யார்? அந்தப் பேப்பரில் என் பெயர் நடுவில் எங்கேயோ இருக்கிறது. இரண்டும் சேர்ந்த படிப்புக்கு வருகிறவர்களிடம் பேனல் இதையும் கேட்க வேண்டும்: உன்னோடு வேலை செய்கிற விஞ்ஞானியை எப்படி நடத்துவாய்?

கே.கே.நகர் அப்பா

நான் டாக்டர் இல்லை. மகன் இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறான். எம்பிபிஎஸ் ஐந்தரை வருடம் ஆனது. இது முடிய இன்னும் அவ்வளவு ஆகும் போலிருக்கிறது. கல்விக் கடனுக்காக ஒரு வங்கிக்குப் போனோம். மேனேஜர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், கிளினிக் எப்போ போடுவார்? அந்த வருஷத்தை மட்டும் சொல்லுங்க, மீதியை நான் போட்டுக்கறேன்" என்றார். மகன், "கிளினிக் போட மாட்டேன் சார்" என்றான். மேனேஜர் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, ஃபைலை என் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அசோக் பில்லர் சிக்னலில் நின்றபோது, "நீ செய்யறதுதான் சரி" என்று அவனிடம் சொன்னேன். சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பது என் பாடு. படிக்கும் காலத்தில் மாதம் என்ன கையில் வரும் என்பதை மட்டும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

எம்டிக்குப் பிறகு பிஎச்டி

ஐயா, முதலில் எம்டி காலத்துக்கு ரெசிடென்ட் உதவித்தொகை, பிறகு பிஎச்டி காலத்துக்கு ஃபெலோஷிப். இடத்துக்கு இடம் தொகை மாறும். இரண்டுக்கும் நடுவே பணம் வராத மாதங்கள் உண்டா என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

தரமணி தோழி, பெயர் வரிசை விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். ஆனால் கை பழகிய டாக்டர் என்று நான் சொன்னது வேறு பொருளில். பி17 ஒரு அம்மா என்று சொல்ல வார்டில் நின்ற ஒருவர் வேண்டியிருந்தது அல்லவா, அதைத்தான் சொன்னேன்.

தரமணி ஸ்காலர்

அதைச் சொல்ல ஒரு நர்ஸே போதும் சார்.

ராயபுரம் டாக்டர்

எல்லோருக்கும் நன்றி. பட்டியல் இன்னும் வரவில்லை. பயோடெக் தம்பி, விரலால் தட்டிக் காட்டியவரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று வார்டில் வேண்டுமென்றே நிறைய நேரம் இருந்தேன்.

சார் சொன்னதை வைத்து ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். சீட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சிகிச்சையை விட்டவர்களைப் பற்றித்தான் அடுத்த ஆய்வு. எண்ணிக்கை மட்டும் போதாது, அவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். எதிக்ஸ் கமிட்டிக்கு ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும். கையில் கிடைத்த மாதிரிப் படிவங்கள் எல்லாம் "பங்கேற்பாளராகிய நான் மேற்குறிப்பிட்ட ஆய்வின் நோக்கங்களை முழுமையாக உணர்ந்து" என்றுதான் தொடங்குகின்றன. வாசித்துக் காட்டினால் எனக்கே பாதியில் பிடி விட்டுப்போகிறது. நன்றாக எழுதிய படிவம் யாரிடமாவது இருக்கிறதா?

தரமணி ஸ்காலர்

எங்களிடம் ஒன்று இருக்கிறது டாக்டர். அட்டெண்டர் அக்காவிடம் வாசித்துக் காட்டி, அவர் "என்ன சொல்ற?" என்று கேட்ட இடத்தையெல்லாம் மாற்றி எழுதியது. ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளில் கேட்பவை எல்லாம் அதில் இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை நிற்காது என்ற வரியை மட்டும் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். தனிச்செய்தியில் முகவரி கொடுங்கள், அனுப்புகிறேன். படிவத்தை யார் எழுதினார்கள் என்று உங்கள் பேப்பரில் ஒரு வரி வர வேண்டும்.

ராயபுரம் டாக்டர்

கண்டிப்பாக வரும். அட்டெண்டர் அக்காவின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.