விஸ்டன்: இந்த ஆங்கிலோ-சாக்சன் பெயரின் மூலம் என்ன, இன்று எவ்வளவு அரிது?

சொல்தேடி:
கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் முதல் பெயர் விஸ்டன். பெயர்ப்பொருள் தளங்கள் எல்லாம் ஒரே குரலில் 'போர்க்கல்' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. வின்ஸ்டனின் திரிபு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மூன்று விஷயம் தெரிய வேண்டும். பொருள் உண்மையில் அதுதானா? ஆல்ஃபிரட், எட்வர்ட் எல்லாம் நிலைத்திருக்க இது மட்டும் ஏன் அரிதாயிற்று? எத்தனை குழந்தைகளுக்கு வைக்கிறார்கள் என்பதை எங்கே, எப்படிப் பார்ப்பது?

பழஞ்சொல்:
மூல வடிவம் விக்ஸ்டான். 'விக்' என்றால் போர், 'ஸ்டான்' என்றால் கல். இரண்டும் பழைய ஆங்கிலச் சொற்கள்தான். ஆனால் இரண்டையும் ஒட்டி 'போர்க்கல்' என்று பொருள் எடுப்பது தவறான வாசிப்பு. அந்தக் காலத்து ஆங்கிலேயர் பெயர் வைத்தது தொடருக்குப் பொருள் பார்த்து அல்ல. குடும்பத்தில் ஏற்கெனவே புழங்கும் பெயர்த்துண்டுகளை எடுத்துக் கோத்தார்கள். இதற்குக் கைமேல் சான்று வூஸ்டர் பேராயத்தின் ஆயர் வுல்ஃப்ஸ்டான் (இறப்பு 1095). தாய் வுல்ஃப்கிஃபு, தந்தை ஏதல்ஸ்டான். தாயின் முன்பாதி, தந்தையின் பின்பாதி, பிள்ளை வுல்ஃப்ஸ்டான். அவர் பெயரை 'ஓநாய்க்கல்' என்று மொழிபெயர்த்தால் என்ன புரியும்?

விஸ்டன் விஷயத்திலும் அப்படியே. நடு இங்கிலாந்தில் இருந்த மெர்சியாவின் அரசர் விக்லாஃப், மகன் விக்மண்ட், பேரன் விக்ஸ்டான். மூன்று தலைமுறையிலும் 'விக்' தொடர்கிறது. இவன் இன்ன வீட்டுப் பிள்ளை என்று அடையாளம் காட்டுவதே அந்தத் துண்டின் வேலை.

உச்சரிப்பும் கவனிக்க வேண்டியது. 'விக்' என்று நாம் எழுதினாலும், பழைய ஆங்கிலத்தில் இகரத்தை அடுத்து அசையின் கடைசியில் வரும் அந்த எழுத்து ககரம்போல் அழுத்தமாக ஒலிக்காது, யகர ஒலிதான். விய்ஸ்டான் என்பது வீஸ்டானாகி, நெடில் குறுகி விஸ்டன் ஆயிற்று. ககரம் காணாமல் போனதன் காரணம் இதுதான்.

வின்ஸ்டனோடு உறவே இல்லை. அது முதலில் ஊர்ப்பெயர், பிறகு குடும்பப்பெயர், அதன் பிறகே ஆள்பெயர். சர்ச்சில் குடும்பத்துக்குள் அது வந்தது சாரா வின்ஸ்டன் என்ற மருமகளின் பிறந்தவீட்டுப் பெயராக. ட்ரிஸ்டனையும் சேர்க்காதீர்கள், அது கெல்டிய வேர்.

ஏட்டுச்சுவடு:
இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இந்தப் பெயர் பிழைத்தது பொருளால் அல்ல, ஒரு கல்லறையால்.

நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய 1066-க்குப் பிறகு அவர்களுடைய பெயர்கள் வந்து குவிந்தன. வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்று ஊர் முழுக்க மாறியது. சில தலைமுறைக்குள் ஆங்கிலப் பெயர்களில் பெரும்பாலானவை வழக்கொழிந்தன. தப்பியவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு புனிதர் இருந்தார். எட்வர்டுக்கும் எட்மண்டுக்கும் அரச ஆதரவும் கிடைத்தது. மூன்றாம் ஹென்றி தன் மகன்களுக்கு (1239, 1245) அந்த இரண்டையும் சூட்டினார். விஸ்டனுக்குப் புனிதர் உண்டு, அரச ஆதரவு வாய்க்கவில்லை.

அந்தப் புனிதர்தான் மேலே சொன்ன பேரன் விக்ஸ்டான். அவர் கொல்லப்பட்டது 849-இல். அவருடைய விதவைத் தாயை மணக்க பியோர்ட்ஃப்ரித் என்ற உறவினர் விரும்ப, அந்த உறவு தகாது என்று மகன் தடுத்ததால் வெட்டினார்கள் என்பது இடைக்காலக் கதை. உடலை ரெப்டனில், பாட்டனார் விக்லாஃபின் கல்லறையில் வைத்தார்கள். டார்பிஷயரில் உள்ள புனித விஸ்டன் தேவாலயத்தின் அடியில் அந்த நிலவறை இன்றும் இருக்கிறது. கயிறு சுற்றியதுபோல் திருகு வரி செதுக்கிய நான்கு தூண்கள் அதன் கூரையைத் தாங்குகின்றன. போனால் அந்தத் தூண்களைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். பின்னாளில் கனூட் மன்னர் காலத்தில் எச்சங்கள் ஈவ்ஷாமுக்குப் போயின. திருநாள் ஜூன் 1. வழிபாடு அந்த வட்டாரத்தைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை, அதனால் பெயரும் பரவவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட், எட்வின், ஹெரால்ட் எல்லாம் மறுபடி புழக்கத்துக்கு வந்தபோதும் இது மேலெழவில்லை.

ஆடன் பிறந்தது 1907-இல், யார்க் நகரில். அவர் தந்தை ரெப்டன் பள்ளியில் படித்தவர். பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம்.

ஊர்ப்பெயர்களில் மட்டும் எச்சரிக்கை. ஷ்ராப்ஷயரின் விஸ்டன்ஸ்டோவும் லெஸ்டர்ஷயரின் விஸ்டோவும் புனிதரின் பெயரைக் கொண்டவை ('ஸ்டோ' என்றால் புனித இடம்). கொலை நடந்தது எங்களிடம்தான் என்று இரண்டுமே சொல்லும். யார்க்‌ஷயர் விஸ்டோ அப்படியல்ல. குடியிருப்பைக் குறிக்கும் வேறு சொல்லிலிருந்து வந்தது. இன்னும் ஏமாற்றுவது விக்ஸ்டன் என்ற லெஸ்டர்ஷயர் ஊர். அங்கே புனித விஸ்டன் தேவாலயமே இருக்கிறது, ஆனால் ஊர்ப்பெயருக்கும் அவருக்கும் தொடர்பில்லை. 1086-இன் டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்புப் பதிவேட்டின் வடிவத்தைப் பார்த்தால் 'வைக்கிங்' என்ற சொல் உள்ளே தெரியும்.

எண்ணிக்கை:
மூன்றாவது கேள்வி. இங்கிலாந்து, வேல்ஸுக்கு தேசியப் புள்ளியியல் அலுவலகம் 1996 முதலான பெயர்களைத் தொகுத்து விரிதாளாக வெளியிடுகிறது. முதல் 100 பட்டியலைத் திறக்காதீர்கள், விஸ்டன் அதில் வந்ததே இல்லை. ஆண் பெயர்களின் முழுப் பட்டியலை இறக்கித் தேடுங்கள். அதிலும் ஓர் ஆண்டில் 3-க்குக் குறைவாக வைக்கப்பட்ட பெயரைத் தனியுரிமை கருதி விட்டுவிடுவார்கள். ஆகவே பட்டியலில் இல்லை என்றால் சுழியம் என்று எழுதக் கூடாது. சுழியம், 1, 2 இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பட்டியல் 1880 முதல் உண்டு, அங்கே வரம்பு 5.

இரண்டிலும் எழுத்துக்கூட்டல் மாறினால் தனிப் பெயராகவே எண்ணுவார்கள்.

சொல்தேடி:
நன்றி, கேட்காததும் சேர்ந்து கிடைத்தது. எழுத்துக்கூட்டலில் 'ஐ' (Wistan) சரியா, 'ஒய்' (Wystan) சரியா? 1996-க்கு முன் எப்படித் தேடுவது?

எண்ணிக்கை:
இரண்டும் சரி. இடைக்கால எழுத்தர்கள் இவ்விரு எழுத்தையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். இன்று புனிதரின் பெயரிலேயே ரெப்டனில் ஒய், விக்ஸ்டனில் ஐ. இரண்டையும் தனித்தனியே தேடிக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய காலத்துக்கு, இங்கிலாந்து, வேல்ஸில் 1837 ஜூலையில் தொடங்கும் பிறப்புப் பதிவுச் சுட்டி இருக்கிறது. அதில் ஒரு குழி உண்டு: 1911-இலிருந்து 1960-களின் நடுப்பகுதி வரை இரண்டாம் பெயரை முழுதாக அச்சிடாமல் முதலெழுத்தோடு விட்டுவிட்டார்கள். விஸ்டனை நடுப்பெயராகக் கொண்டவர்கள் அங்கே வெறும் 'டபிள்யூ' ஆகிவிடுவார்கள். அந்தக் காலத்துக்குச் சுட்டியில் கிடைக்கும் எண்ணைக் குறைந்தபட்சம் என்றே எழுதுங்கள்.

பழஞ்சொல்:
ஆங்கிலோ-சாக்சன் காலத்து ஆட்களுக்குத் தனித் தரவுத்தளம் இருக்கிறது, சுருக்கமாக 'பேஸ்' (PASE) என்பார்கள். அங்கே இன்றைய வடிவத்தை இட்டால் ஒன்றும் வராது. பழைய வடிவமான விக்ஸ்டான் (Wigstan) என்றே, ககரத்துக்குரிய எழுத்தோடு தேடுங்கள். ஒரே பெயருள்ளவர்களை 1, 2 என்று எண்ணிட்டுப் பிரித்திருப்பார்கள். மேற்கோள் காட்டும்போது அந்த எண்ணையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சொல்வது இளவரசரையா, நிலப் பட்டயத்தில் சாட்சியாக வரும் இன்னொருவரையா என்று படிப்பவருக்குத் தெரியாது.