என்ஐவி வசனங்களை வெட்டியதா, கேஜேவி கூட்டிக்கொண்டதா?

பூர்வபாதை:
மத்தேயு 17:21, 18:11, மாற்கு 9:44, 46, லூக்கா 17:36, அப்போஸ்தலர் 8:37, 1 யோவான் 5:7ன் பெரும்பகுதி. இவை எல்லாம் 1611ல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதத்தில் (கேஜேவி) இருக்கின்றன. நம் தமிழ் பழைய மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5:7 முழுசாக இருக்கிறது: "பிதா, வார்த்தை, பரிசுத்தஆவி". 1978ல் முழு வேதமாக வந்த நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன் (என்ஐவி) ஆங்கில மொழிபெயர்ப்பில் வசன எண் தாவுகிறது. வசனம் அடிக்குறிப்புக்குப் போய்விட்டது. காரணம், 1881ல் கிரேக்க மூலத்தைத் தொகுத்த வெஸ்ட்கோட், ஹோர்ட் இருவரும் சினாய், வத்திக்கான் என்ற பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளைத் தூக்கிப் பிடித்ததுதான். அந்த இரண்டும் நான்கு சுவிசேஷங்களில் மட்டுமே ஒன்றோடொன்று 3,000 இடங்களுக்கு மேல் வேறுபடுகின்றன. தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத இரண்டு சாட்சிகளை நம்பி, சபை தலைமுறை தலைமுறையாக வாசித்ததை மாற்றலாமா? 1611லிருந்து ஒரு எழுத்தும் மாறாமல் நிற்பது கேஜேவி மட்டும்தான்.

ஓரக்குறிப்பு:
கடைசி வரி தப்பு பிரதர், அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். இன்று கடையில் வாங்கும் கேஜேவி, 1769ல் ஆக்ஸ்போர்டில் பெஞ்சமின் பிளேனி திருத்திய பதிப்பின் வழி வந்தது. மாற்றங்களில் பெரும்பாலானவை எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, சாய்வெழுத்து. ஆனால் எல்லாமே அப்படி இல்லை. 1 யோவான் 5:12ன் பின்பாதி 1611ல் "குமாரன் இல்லாதவன்" என்று மட்டும் இருந்தது. "தேவனுடைய" என்பது பிந்திய பதிப்புகளில் சேர்ந்தது. ரூத் 3:15ல் பட்டணத்துக்குள் போனது போவாஸா ரூத்தா என்பதில் முதல் அச்சு "அவன்" என்றது, அடுத்த அச்சு "அவள்" என்றது. 1631 பதிப்பு ஏழாம் கட்டளையில் "செய்யாதிருப்பாயாக" என்பதிலிருந்த மறுப்பையே விட்டுவிட்டு விபசாரம் செய் என்று அச்சாகி வந்தது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம். (அது வெறும் அச்சுப்பிழை, அதை வைத்து யாரையும் மடக்கவில்லை.)

இனி "வெட்டிய" வசனங்கள். மாற்கு 9:44, 46 இரண்டும் 9:48ன் அதே வார்த்தைகள். 9:48 என்ஐவியில் அப்படியே இருக்கிறது. மத்தேயு 18:11ன் சாரம் லூக்கா 19:10ல் இருக்கிறது. பிரதி எடுத்தவர்கள் ஒரு சுவிசேஷத்தில் மனப்பாடமாயிருந்த வரியை இன்னொன்றில் சேர்த்து எழுதியது சகஜம். லூக்கா 17:36க்கு 1611 பதிப்பின் ஓரத்திலேயே, பெரும்பாலான கிரேக்கப் பிரதிகளில் இந்த வசனம் இல்லை என்று குறிப்பு போட்டிருக்கிறார்கள். என்ஐவி அடிக்குறிப்பில் சொன்னால் வெட்டு, 1611 ஓரத்தில் சொன்னால் விசுவாசமா?

பூர்வபாதை:
மத்தேயு 17:21ஐ மட்டும் நைசாகத் தாண்டிவிட்டீர்களே. "இந்த ஜாதிப் பிசாசு" ஜெபத்தினாலும் உபவாசத்தினாலும் அன்றிப் போகாது என்ற வசனம். இணை வசனம் மாற்கு 9:29ல் இருக்கிறது என்பீர்கள். ஆனால் என்ஐவி மாற்கு 9:29ல் ஜெபம் மட்டும்தான். உபவாசம் அங்கேயும் அடிக்குறிப்பில். அப்படியானால் இந்தச் சம்பவத்திலிருந்து உபவாசமே போய்விட்டது. உபவாசம் இல்லாத வாசிப்புக்காக நிற்கும் கிரேக்கப் பிரதிகளோ விரல் விட்டு எண்ணக்கூடியவை.

ஓரக்குறிப்பு:
இது நல்ல கேள்வி. மாற்கு 9:29 முடிவு எனக்கும் முழுத் திருப்தி இல்லை. உபவாசத்துக்கு மவுசு கூடிய காலத்தில் "உபவாசமும்" சேர்ந்திருக்கலாம் என்பது நவீன மூலத்தைத் தொகுத்தவர்கள் வாதம். நியாயமான ஊகம், ஆனால் ஊகம்தான். மத்தேயு 6:16-18, அப்போஸ்தலர் 13:2-3 தொடப்படாமல் இருப்பதால் உபவாசம் வேதத்திலிருந்து போய்விடவில்லை. 1 யோவான் 5:7 நிலைமை வேறு. கிரேக்கத்தில் அது வருவது சுமார் பத்துப் பிரதிகளில், அவற்றிலும் சிலவற்றில் பிற்காலக் கை ஓரத்தில் எழுதியது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்ட எராஸ்மு தன் 1516, 1519 பதிப்புகளில் சேர்க்கவில்லை, 1522ல் சேர்த்தார். ஒரு கிரேக்கப் பிரதி காட்டினால் சேர்க்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்ததாகச் சொல்லும் கதைக்கு அவர் எழுத்தில் ஆதாரம் இல்லை. நம் பக்கத்து ஆட்களும் அதைச் சொல்வதை நிறுத்தினால் நல்லது.

பூர்வபாதை:
மூன்றாம் நூற்றாண்டிலேயே சபைப் பிதா சிப்ரியான், பிதா குமாரன் பரிசுத்த ஆவியைப் பற்றி "இம்மூவரும் ஒன்று" என்று எழுதியிருக்கிறது என்கிறாரே?

ஓரக்குறிப்பு:
அவர் சொல்வது "குமாரன்". வசனத்தில் இருப்பது "வார்த்தை". 8ஆம் வசனத்தின் ஆவி, ஜலம், இரத்தத்தைத் திரித்துவத்துக்கு உருவகமாக எடுத்திருக்க இடமுண்டு. நாலாம் நூற்றாண்டில், குமாரன் பிதாவுக்குச் சமமல்ல என்ற ஆரியுஸின் கூட்டத்துடன் மல்லுக்கட்டிய கிரேக்கப் பிதாக்கள் இப்படி ஒரு வசனம் கையில் இருந்தும் எடுத்து வீசாமல் இருந்திருப்பார்களா?

மறைக்கல்வி:
கத்தோலிக்கன் ஒருவன் நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். பூர்வபாதை ஐயா, 1611 பதிப்பில் இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே நாங்கள் இணைத்திருமுறை என்று சொல்லும் நூல்களும் இருந்தன. நீங்கள் தள்ளுபடி ஆகமம் என்பீர்கள். ஒரு எழுத்தும் மாறாத கேஜேவி வேண்டுமென்றால் மக்கபேயரையும் சேர்த்து வாங்க வேண்டிவரும். 1582ல் ரெய்ம்ஸில் வந்த எங்கள் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டிலிருந்தும் 1611 குழு சொற்களை எடுத்திருக்கிறது.

பெரோயா:
மூன்று கேள்விகளை ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறீர்கள். எந்தக் கிரேக்க மூலம், அதை எப்படி மொழிபெயர்ப்பது, எந்தக் காலத்து ஆங்கிலம். பிரித்தால் பாதிச் சண்டை தீரும்.

மூலம்: கேஜேவி பின்னாலிருக்கும் டெக்ஸ்டஸ் ரெசப்டஸும் (எராஸ்மு வழி வந்த அச்சு கிரேக்க மூலம்) பெரும்பான்மைப் பிரதிகளும் ஒன்றல்ல, ஏறத்தாழ 1,800 இடங்களில் வேறுபடுகின்றன. வெளிப்படுத்தின விசேஷம் 22:19ஐப் பாருங்கள். எராஸ்மு கையில் அந்தப் புத்தகத்துக்கு ஒரே ஒரு கிரேக்கப் பிரதி, அதிலும் கடைசித் தாள் இல்லை. கடைசி ஆறு வசனங்களை லத்தீனிலிருந்து கிரேக்கத்துக்குத் திருப்பி எழுதினார். லத்தீனில் மரம் "லிக்னோ", புத்தகம் "லிப்ரோ". லத்தீன் பிரதிகளில் எங்கோ ஒன்று மற்றொன்றாகிவிட்டது. கிரேக்கப் பிரதிகள் "ஜீவவிருட்சம்" என்கின்றன. கேஜேவியிலும் நம் பழைய மொழிபெயர்ப்பிலும் "ஜீவபுஸ்தகம்". இங்கே சினாய், வத்திக்கானைக் குற்றம் சொல்ல வழியில்லை.

மொழிபெயர்ப்பு: அப்போஸ்தலர் 12:4ல் கிரேக்கம் "பஸ்கா", கேஜேவி "ஈஸ்டர்". அதே சொல்லை மற்ற எல்லா இடத்திலும் அவர்களே பஸ்கா என்றுதான் பெயர்த்தார்கள். நம் தமிழ் இங்கே சரியாகப் பஸ்கா பண்டிகை என்கிறது. மத்தேயு 23:24ம் அப்படித்தான். தமிழில் கொசுவை வடிகட்டுகிறார்கள். கேஜேவியைப் படிப்பவர்களோ கொசுவைக் கண்டு திணறுகிறார்கள் என்று புரிந்துகொள்ளும்படி ஆங்கிலம் இருக்கிறது. சபையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் "எக்ளேசியா"வை, ஆங்கில மொழிபெயர்ப்பாளர் டிண்டேல் 1526ல் "கூடிவந்தோர்" என்ற பொருளில் பெயர்த்தார். 1611 குழுவுக்கு ராஜா பக்கத்திலிருந்து வந்த மூன்றாம் விதி, "சர்ச்" என்ற பழைய சொல்லையே வை என்றது. அங்கே முடிவு செய்தது கிரேக்க இலக்கணம் அல்ல, சபை அரசியல்.

சரிபார்க்க விரும்பினால்: முதலில் அடிக்குறிப்பு. பிறகு என்கேஜேவியின் (நியூ கிங் ஜேம்ஸ்) ஓரக்குறிப்பு. டெக்ஸ்டஸ் ரெசப்டஸ், பெரும்பான்மை, நவீன மூலம் மூன்றும் எங்கே பிரிகின்றன என்று அதுவே காட்டும். அங்கே வேறுபாடே இல்லாமல் ஆங்கிலம் மட்டும் மாறியிருந்தால் அது மூலப் பிரச்சினை இல்லை, மொழிபெயர்ப்புப் பிரச்சினை. முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

பூர்வபாதை:
22:19, ஈஸ்டர் இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். லூக்கா 17:36 ஓரக்குறிப்பும் 1611 நகலில் இருக்கிறது, உண்மை. ஆனால் 1 தீமோத்தேயு 3:16ஐ விடமாட்டேன். "தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்" என்பதை "அவர்" ஆக்கியது கிறிஸ்துவின் தெய்வீகத்தைத் தொடுகிறது. 1627ல் இங்கிலாந்துக்கு வந்த அலெக்சாந்திரியா என்ற பழைய கிரேக்கப் பிரதியில் அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் "தேவன்" என்றே வாசித்தார்கள்.

ஓரக்குறிப்பு:
சண்டை இரண்டு சின்னக் கோடுகளில். பெரிய எழுத்தில் "தேவன்" என்பதைச் சுருக்கி தீட்டா, சிக்மா என்று எழுதி மேலே ஒரு கோடு இழுப்பார்கள். ஒமிக்ரான், சிக்மா என்றால் "அவர்". தீட்டாவுக்கும் ஒமிக்ரானுக்கும் வித்தியாசம் வட்டத்தின் நடுவில் ஒரு கோடு. அலெக்சாந்திரியா பிரதியில் தெரிந்த நடுக்கோடு, தாளின் மறுபக்கத்து எழுத்தின் கோடு தோல் வழியே தெரிந்தது என்றார் பிரதிகளை ஆராய்ந்த அறிஞர் வெட்ஸ்டைன். மேற்கோட்டைப் பிற்கால மையின் வேலை என்கிறார்கள்.

பூர்வபாதை:
அந்த இடத்தை ஆளாளுக்குத் தொட்டுத் தொட்டே கோடு தேய்ந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். தேய்ந்துபோனதைக் காட்டி "இல்லை" என்று தீர்ப்புச் சொல்வது எப்படி நியாயம்?

ஓரக்குறிப்பு:
சரி, அலெக்சாந்திரியாவை இரண்டு பக்கமும் கணக்கில் எடுக்க வேண்டாம். சினாய் பிரதியின் படம் இணையத்தில் இலவசம். 1 தீமோத்தேயு 3:16ஐப் பெரிதாக்கிப் பாருங்கள்: வரியில் முதல் கை எழுதியது "அவர்", அதற்கு மேலே, பல நூற்றாண்டு பிந்திய கை, வேறு மையில், "தேவன்" ஆவதற்கு வேண்டிய எழுத்துகளைப் பொடியாகச் செருகியிருக்கிறது.