ரைஃபிளில் போட் டெயில் குண்டு மட்டும் ஓரிடத்தில் விழாமல் சிதறுகிறது, என்ன காரணம்?

வணக்கம். ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன், ரேஞ்சில் காகித இலக்கு சுடுவது மட்டும்தான், வேட்டையெல்லாம் இல்லை. ரைஃபிள் .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன், 24 அங்குல பேரல், ட்விஸ்ட் (பேரலுக்குள் குண்டைச் சுழற்றும் சுருள் வரி) 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. போன அக்டோபரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது, முதல் நாளிலிருந்தே இப்படித்தான்.

அடி தட்டையாக இருக்கும் 150 கிரெய்ன் எடைக் குண்டு 100 கெஜத்தில் ஒரு அங்குலத்துக்குள் விழுகிறது. அடி குறுகிப்போகும் 168 கிரெய்ன் போட் டெயில் போட்டால், அதே மேசை, அதே மணல் மூட்டை, குரூப், அதாவது துளைகள் பரவும் அகலம், இரண்டு அங்குலத்தைத் தாண்டுகிறது. எடைதான் காரணமோ என்று 150 கிரெய்னிலேயே போட் டெயில் வாங்கிப் பார்த்தேன், அதுவும் அதே கதை. தூரம் போனால் அடங்கும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார், ஆனால் 200 கெஜத்தில் நாலு அங்குலத்துக்கு மேல் போகிறது, எங்கே அடங்குகிறது?

செம்புப் படிவு போகும்வரை பேரலைச் சுத்தம் செய்தாயிற்று, ஆக்‌ஷன் திருகுகளை இறுக்கியாயிற்று, நண்பரின் ஸ்கோப்பையும் மாட்டிப் பார்த்தாயிற்று. அப்புறம் போல்ட்டைக் கழற்றிவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியைப் பேரல் முனையின் உள்விளிம்பில் வைத்து வெளியே இழுத்தால் ஓரிடத்தில் மட்டும் பஞ்சு சிக்குகிறது. தட்டை அடி விளிம்பைச் சட்டென்று விட்டுவிடும், போட் டெயிலில் அந்தச் சரிவைச் சுற்றி வாயு ஒரு பக்கமாகப் பீறி குண்டைத் தள்ளிவிடுகிறதோ என்பது என் ஊகம்.

முனையை மறுபடி கடைந்து கிரவுன் (குண்டு வெளியேறும் அந்த விளிம்பு) சரிசெய்த யாருக்காவது, முன்பு சிதறிய போட் டெயில் அதற்குப் பிறகு தட்டை அடி அளவுக்கு ஒன்றுகூடியதா?