மறு: ஆய்விதழ் பதிப்பகம் விட்டுப் பதிப்பகம் மாறுவதற்குக் கலைச்சொல்

> 'இதழ்ப் பெயர்ச்சி' என்று வைத்தால் என்ன? குருப்பெயர்ச்சி போல எல்லாருக்கும் சட்டென்று விளங்கும்.

வணக்கம்.

விளங்கும்தான். ஆனால் நூலகப் பட்டியலாக்கத்தில் 'பெயர்' என்று காதில் விழுந்ததும் தலைப்பு மாற்றம்தான் நினைவுக்கு வரும். தலைப்பு பெரிதாக மாறினால் புது ஐ.எஸ்.எஸ்.என் (இதழின் அடையாள எண்), புதுப் பதிவு. பதிப்பகம் மட்டும் மாறினால் பழைய எண்ணே தொடரும். இருக்கிற பதிவிலேயே மார்க் (கணினிப் பட்டியல் பதிவின் வடிவம்) 264ஆம் புலத்தை, அதாவது பதிப்பக விவரத்தை, 'தற்போதையது' என்று காட்ட முதல் சுட்டி 3 என்று கொடுத்து, இன்னொரு முறை சேர்த்தால் போதும். இரண்டையும் குழப்பினால் ஒரே இதழுக்கு இரண்டு பதிவுகள் முளைத்துவிடும்.

'கைமாற்று' திருப்பித் தரவேண்டிய கடன். 'பதிப்பக மாற்றம்' என்றால், 2015இல் ஸ்பிரிங்கர் நேச்சர் உருவானது போன்ற நிறுவன இணைப்புகளும் அதில் அடங்கிவிடும்.

என் பரிந்துரை 'இதழ்க் கையளிப்பு'. இலங்கைத் தமிழில் அன்றாடம் புழங்கும் சொல். நூலகர்களும் பதிப்பகத்தாரும் சேர்ந்த யு.கே.எஸ்.ஜி அமைப்பு தொடங்கிய 'டிரான்ஸ்ஃபர்' நடைமுறை நெறி (4ஆம் பதிப்பு, 2019) இரு தரப்பின் கடமைகளையும் தனித்தனியே சொல்கிறது. கையளிக்கும் பதிப்பகம், ஏற்கும் பதிப்பகம், கையளிப்பு நாள் என்று மூன்றும் இச்சொல்லோடு இயல்பாக வருகின்றன.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "கையளிப்பு நாளிலிருந்து குறைந்தது 12 மாதம், பழைய இணைய முகவரிக்கு வருவோரைக் கையளிக்கும் பதிப்பகம் புதிய முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும்." அதற்குள் நூலகம் தன் இணைப்புகளைத் திருத்தாவிட்டால் அவை அறுந்துபோகலாம். டி.ஓ.ஐ (கட்டுரையின் நிலையான அடையாள எண்) வழி இணைத்தவை, ஏற்கும் பதிப்பகம் அந்த எண்களைப் பதியும் கிராஸ்ரெஃபில் முகவரியைப் புதுப்பித்திருந்தால், தப்பும். (டி.ஓ.ஐயின் முன்னொட்டு பழைய பதிப்பகத்துடையதாகவே இருக்கும். அது பிழையன்று.)

உண்மையான தலைவலி பழைய ஆண்டுகள். சந்தாதாரர் பட்டியல் அரைகுறையாகக் கையளிக்கப்பட்டால், பணம் கட்டி நிரந்தர அணுகல் பெற்ற ஆண்டுகளும் பூட்டிக்கொள்ளும். உரிம ஒப்பந்தம், ஆண்டுவாரி விலைப்பட்டியல், பயன்பாட்டுப் புள்ளிவிவரம் மூன்றையும் கையளிப்பு நாளுக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும், நூலகக் கணினிகளின் ஐ.பி. முகவரிகளைப் புதிய தளத்தில் பதிய வேண்டும். பழைய இதழ்களும் இடம் மாறினவா என்று பார்க்காமல், பழைய தொகுப்புக்கு முடிவு ஆண்டு போட்டு மூடிவிடக் கூடாது.

ஒன்றுக்கு மட்டும் இச்சொல் பொருந்தாது. 2015இல் 'லிங்குவா' என்ற மொழியியல் இதழின் ஆசிரியர் குழு விலகி, 'குளோசா' என்ற புது இதழைத் தொடங்கியது. 'லிங்குவா' எல்செவியர் பதிப்பகத்திடமே தொடர்ந்தது. அங்கே கையளிப்பே நடக்கவில்லை. இதற்குத் தனிச்சொல் வேண்டும். 'குழு விலகல்' போதுமா?