போலோ 1.0 டிஎஸ்ஐ: ஸ்டேஜ் 1 அடிக்கலாமா, அப்படியே விட்டுடலாமா?

கொங்குபோலோ:
2021 ஃபோக்ஸ்வாகன் போலோ, 1.0 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல், மேனுவல், 48,000 கி.மீ. ஓடியிருக்கு. 2022லயே போலோவை இங்க நிறுத்திட்டாங்க, அதனால வித்துட்டு வேற வாங்க மனசு வரல. கம்பெனிக் கணக்குல 110 குதிரை, டார்க் (முறுக்கு விசை) 175 நியூட்டன் மீட்டர். கோயமுத்தூர்ல ஒரு டியூனர், ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரை மட்டும் மாத்தறது) பண்ணினா 135 குதிரை, 225 நியூட்டன் மீட்டர் வரும்ங்கறாரு. தினமும் ஆபீஸ், மாசம் ஒருதடவை வால்பாறை, அவ்வளவுதான் ஓட்டம். அடிச்சவங்க சொல்லுங்க.

பூஸ்ட்ராஜா:
இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு ப்ரோ? அடிங்க. அதே இன்ஜினை ஒரு நாட்டுல 95 குதிரைக்கும் இன்னொரு நாட்டுல 115க்கும் அவங்களே வித்தாங்க. வித்தியாசத்துல சாஃப்ட்வேருக்குப் பெரிய பங்கு இருக்கு. நம்ம காசு, நம்ம வண்டி, பூட்டை மட்டும் அவங்க போட்டு வெச்சிருக்காங்க.

ஸ்டாக்விரும்பி:
பூட்டு ஒரு காரணத்துக்குத்தான் போடறாங்க தம்பி. என் பழைய டர்போ பெட்ரோலுக்கு இதே ஆசையில ரீமேப் அடிச்சேன். மொத ரெண்டு மாசம் சொர்க்கம். எட்டாவது மாசம் ஏத்தத்துல நாலாவது கியர்ல அமுக்கினா ஆர்பிஎம் ஏறுது, வண்டி ஏறல. கிளட்ச் போச்சு. டியூனர்கிட்ட போனா "நீங்க ஓட்டற விதம் சார்"னு சிரிக்கறான்.

அதோட மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவையும் படிங்க. ஆர்சியில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு.

பூஸ்ட்ராஜா:
வால்பாறை செக்போஸ்ட்ல ஆர்டிஓ லேப்டாப் மாட்டிப் பாக்கப்போறாராக்கும் 😂

ஸ்டாக்விரும்பி:
அவரு பாக்கமாட்டாரு. பெரிய ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ் சர்வேயர் பாப்பாரு. சொல்லாம செஞ்ச மாற்றம்னு கிளெய்மை நிராகரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு காரணம் போதும். வாரன்டி கதையும் அதேதான். ஈசியூவுல (இன்ஜின் கம்ப்யூட்டர்) சாஃப்ட்வேர் மாறினதைக் கண்டுபிடிச்சா ஃபோக்ஸ்வாகன் குழுமத்துல வாரன்டியை மறுக்க "டிடி1"னு ஒரு குறி போடறது ஊரறிஞ்ச விஷயம்.

ஸ்பேனர்14:
ரெண்டு பேரும் குதிரைக்கே சண்டை போடறீங்க. உடையறது டார்க்னால.

சின்ன கணக்கு. பவர்ங்கறது டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கறது. 4000ல 175 நியூட்டன் மீட்டர்னா சுமார் 100 குதிரை. அதே 4000ல 225 ஆனா 128. ஆனா அந்த 225ஐ 1800லயே கொட்டினா அங்க கிடைக்கறது 58 குதிரைதான், ஸ்டாக்ல (கம்பெனி குடுத்தபடியே விட்டா) 45. வெறும் 13 குதிரைக்காக சிலிண்டருக்குள்ள அழுத்தம் உச்சத்துக்குப் போயிரும். பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிளட்ச் எல்லாம் அந்த அடியைத்தான் வாங்கும். ஓட்டறவருக்கோ "அடேயப்பா என்ன பிக்கப்"னு தோணும். டியூனர் கடைக்கு முன்னாடி ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டறப்ப அது நல்லா எடுபடும், அதனாலயே பலபேரு மேப்பை (அந்த சாஃப்ட்வேரை) அப்படி எழுதறாங்க.

கீழ் ஆர்பிஎம்ல அதிக லோடு குடுத்தா இன்னொரு ஆபத்து. தீப்பொறி விழறதுக்கு முன்னயே கலவை தானா பத்திக்கும். இன்ஜின் தட்டறதைக் கவனிக்கற நாக் சென்சாருக்கு அது கேக்கறதுக்குள்ள பிஸ்டன் அடி வாங்கிரும். சின்ன டேரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவுக்கெல்லாம் இருக்கற வியாதி இது. ஏபிஐ எஸ்பி தர இன்ஜின் ஆயில்ல இதுக்குன்னே ஒரு சோதனை வெச்சிருக்காங்க.

கொங்குபோலோ:
அப்ப வேண்டாம்ங்கறீங்களா அண்ணா?

ஸ்பேனர்14:
நான் எங்க வேண்டாம்னேன்? 2500 வரைக்கும் டார்க்கை அடக்கி, மேல போகப் போக விடற மேப்பா இருந்தா போடுங்க. டியூனர்கிட்ட டைனோ ஷீட் (பவர் அளந்த தாள்) கேக்காதீங்க, லாக் (ஓடறப்ப சென்சார் அளவுகளோட பதிவு) கேளுங்க. மூணாவது கியர்ல 2000லருந்து 6000 வரை முழு ஆக்சிலேட்டர்ல ஒரு லாக். தீப்பொறி டைமிங் எவ்வளவு பின்வாங்குது, உள்ள போற காத்து எவ்வளவு சூடாகுதுன்னு அதுல தெரிஞ்சுரும். இந்த இன்ஜின்ல இன்டர்கூலர் (டர்போ அமுக்கின காத்தைக் குளிர வைக்கறது) காத்து உள்ள போற இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளயே இருக்கு, தண்ணியில குளிருது. ஏப்ரல் வெயில்ல அடுத்தடுத்து மூணு தடவை அமுக்கினா சூடு ஏறும்.

பூஸ்ட்ராஜா:
எக்ஸ்பி100 பெட்ரோல் (100 ஆக்டேன்) ஊத்திக்கலாம், முடிஞ்சுது.

ஸ்பேனர்14:
வால்பாறையில எந்த பங்க்ல கிடைக்குதுன்னு சொல்லுங்க, நானும் வர்றேன். ஆக்டேன்ங்கறது பெட்ரோல் தானா பத்திக்காம தாங்கற அளவு. ஐரோப்பாவுல 98 ஆக்டேனுக்கு எழுதின மேப் ஃபைலை வாங்கி அப்படியே நம்ம வண்டியில கொட்டறவங்க இருக்காங்க. பிஎஸ்6 வந்தப்ப சாதா பெட்ரோலுக்கு வெச்ச குறைஞ்சபட்சம் 91தான். எத்தனால் சேர்ந்தா ஆக்டேன் ஏறும், சரி. ஆனா லிட்டருக்கு எரிசக்தி குறையும். அதையும் சேத்து எழுதணும். கிடைக்கற மட்டமான பெட்ரோலுக்கு எழுதினவன்தான் டியூனர்.

ஹைவே_அக்கா:
என்னுது 2015 போலோ ஜிடி டிஎஸ்ஐ, பழைய 1.2, ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். ரீமேப் பண்ணி 60,000 கி.மீ. ஓட்டிட்டேன், இன்னும் ஒண்ணும் ஆகல. அந்த டிரை கிளட்ச் கியர்பாக்ஸ் தாங்கற அளவே 250 நியூட்டன் மீட்டர்தான். அதனால 210க்கு மேல வேண்டவே வேண்டாம்னு நின்னு எழுத வெச்சேன். டியூனர் மூஞ்சி தொங்கிப் போச்சு.

ஆனா தம்பி, நீ டயர் என்ன போட்டிருக்கேன்னு இங்க ஒருத்தரும் கேக்கல. ஆழியாறுலருந்து மேல 40 கொண்டை ஊசி வளைவு. அதுல எங்கயாவது ஸ்டாக் 110 பத்தலன்னு உனக்குத் தோணியிருக்கா? எனக்குத் தோணினது இறங்கறப்ப பிரேக்குதான். பின்னாடி டிரம் பிரேக்கு வேற.

பூஸ்ட்ராஜா:
அக்கா, நீங்களே ரீமேப் பண்ணிட்டு எங்களுக்கு உபதேசமா?

ஹைவே_அக்கா:
பண்ணினதாலதான் சொல்றேன். மொதல்ல நல்ல டயரு, பிரேக் பேடு, பிரேக் ஆயில். மேப் அப்புறம்.

ஸ்டாக்விரும்பி:
அந்த அப்புறத்தையும் விட்டுட்டா என் கட்சிக்கு வந்துருவீங்க.

கொங்குபோலோ:
இன்னிக்கு டியூனர்கிட்ட போனேன். லாக் கேட்டேன், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்"னாரு. கிளம்பி வந்துட்டேன். அடுத்த மாசம் கேட்டா லாக் காட்டற வேற ஆளைத் தேடறேன். இப்போதைக்கு டயர் மாத்தறேன். இருக்கறது 185/60 ஆர்15. 195/55 ஆர்16 போடலாமா?

ஸ்பேனர்14:
போடலாம். ஆனா ரிம்மையும் சேத்து மாத்தணும். பழைய ரிம்மை விக்காதீங்க.

பூஸ்ட்ராஜா:
வித்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க ப்ரோ.